வீடு திரும்பிய பின்



வேதியியல் கற்பிக்கும் ஒருவனை வானொலி நிலையத்தார் பேச அழைத்தால், அவன் அணுவைப் பற்றியோ அமிலத்தைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் என் தமையனாரைப் பற்றிப் பேசப் போகிறேன். அவருடைய இசைவைப் பெற்றுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். "பெயரைச் சொல்லாதே, தம்பி, மற்றதையெல்லாம் தாராளமாகச் சொல்" என்று கூறி அனுப்பியிருக்கிறார். வேதியியலும் இதில் இல்லாமற் போகாது. வகுப்பில் நான் கற்பிக்கும் பாடத்தை என் வீட்டில் நானே அறியாதிருந்தேன். அதனால் விளைந்த துன்பத்தையே சொல்லப் போகிறேன்.

என் தமையனார் என்னைவிட ஆறு ஆண்டு மூத்தவர். 1998-ஆம் ஆண்டு, கல்லூரியில் இறுதித் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில், அவருக்கு மனச்சிதைவு நோய் தொடங்கியது. யாரும் பேசாத பேச்சு அவர் காதில் விழுந்தது. அடுத்த வீட்டு வானொலிப் பெட்டி தம்மைப் பற்றியே பேசுவதாக நம்பினார். இப்போது வானொலி உண்மையாகவே அவரைப் பற்றிப் பேசுகிறது. இதை நான் சொன்னபோது அவரே வாய்விட்டுச் சிரித்தார். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. பேய்க்கும் பில்லி சூனியத்துக்கும் இதில் வேலையில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நோயின் வரலாற்றை விரிக்க நான் வரவில்லை. அதனோடு கூடவே எங்கள் வீட்டில் வேரூன்றிய இன்னொன்றைப் பற்றியே பேச வந்தேன். அது பீடி.

எங்கள் ஊர் தென்காசிப் பக்கத்துச் சிற்றூர். அங்கே திண்ணைதோறும் பெண்கள் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றுவார்கள். என் அன்னையாரும் சுற்றினார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து வரும் கூலியில்தான் எங்கள் இருவரின் படிப்பும் நடந்தது. ஆகவே பீடியை வைது பேசும் உரிமை எனக்கு முழுமையாக உண்டென்று நான் எண்ணவில்லை. அந்தச் சுளகிலிருந்து ஒன்றிரண்டை எடுத்துப் பற்றவைத்துத்தான் தமையனார் தொடங்கினார். நோய் வந்த மூன்றாம் ஆண்டில் நாளொன்றுக்கு இரண்டு கட்டு என்றாயிற்று. கையில் பீடியில்லாத தமையனாரை நினைவுக்குக் கொண்டுவரவே என்னால் இயலாத காலம் ஒன்று இருந்தது.

இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அன்று. 20 நாடுகளில் நடந்த 42 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்து, 2005-ஆம் ஆண்டில் த லியோன், டியாஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மனச்சிதைவு நோயுடையோரில் நூற்றுக்கு 62 பேர் புகைபிடிப்பவர்கள் என்று அவர்கள் கண்டனர். மூளையில் ஏற்பட்ட கோளாறே அவர்களைப் புகையை நாடச் செய்கிறது என்று பலர் எழுதினார்கள். ஆனால் சென்னையில் சீனிவாசன், தாரா என்ற இரு மருத்துவர்கள் 286 ஆண் நோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் எழுதிய கட்டுரையில் வேறொரு செய்தி இருக்கிறது. அவர்களுள் புகைபிடித்தவர்கள் நூற்றுக்கு 38 பேரே. நம் நாட்டு ஆண்களிடம் பொதுவாகக் காணப்பட்ட அளவைவிட அது மிகுதியன்று. நோய் எல்லா நாட்டிலும் ஒரே நோய்தானே? பின் ஏன் இந்த வேறுபாடு? கையில் காசு கொடுப்பவர் யார், கடைக்குப் போய் வருபவர் யார், வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்பவையும் இந்தக் கணக்கில் சேர்ந்தவை என்றே நான் கருதுகிறேன்.

கடுமையான மனநோய் உடையவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டு முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள். இதைக் கேட்டதும், தற்கொலையால் என்று நினைப்பீர்கள். அதுவும் உண்டு. ஆனால் பெரும்பாலோரைக் கொண்டுபோவது மாரடைப்பு, நுரையீரல் நோய் முதலிய உடல் நோய்களே. அவற்றுக்குப் புகை எவ்வளவு உதவி செய்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளையும் அறியும். மனநோயைத் தணிக்க எத்தனையோ பாடுபடுகிறோம். அந்த மனிதரை 50 வயதில் இருதய நோய்க்குக் கொடுத்துவிடுகிறோம்.

அப்படிக் கொடுக்கும்போது நாம் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "பாவம், அவனுக்கு இருக்கும் ஒரே இன்பம் அதுதானே!" என் அன்னையார் இதைச் சொன்னார். அத்தை சொன்னார். பெட்டிக்கடை அண்ணாச்சி சொன்னார். நானும் சொன்னேன். கடல் கடந்த நாடுகளிலும் இதையே சொல்லியிருக்கிறார்கள். அங்கே மனநல மருத்துவமனைகள் பலவற்றில் சொன்னபடி கேட்கும் நோயாளிக்குச் சிகரெட் பரிசாகத் தரப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவமனைகளில் புகையைத் தடுக்க முற்பட்டபோது, மனநோயாளிகளிடமிருந்து அதைப் பறிப்பது கொடுமை என்று எதிர்ப்பு எழுந்தது. புகையிலைக் கம்பெனிகளின் உள்கடிதங்கள் பின்னர் வழக்குகளால் வெளிவந்தன. அவற்றைப் படித்த ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் எழுதினார்கள்: அந்தக் கம்பெனிகள் மனநல மருத்துவமனைகளுக்குச் சிகரெட் வழங்கியிருந்தன, நோயாளிக்குப் புகை மருந்தாகிறது என்ற கருத்தை வளர்க்கும் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்திருந்தன, தடையைத் தளர்த்தும் முயற்சிக்கும் துணை நின்றிருந்தன. எங்கள் தெருவில் இரக்கமாகப் பேசப்பட்ட பேச்சு, வேறோரிடத்தில் வியாபாரமாகவும் இருந்திருக்கிறது.

அது நிற்க. எங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

2011-ஆம் ஆண்டு தமையனாரை ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். அதற்குமுன் கொடுத்த மருந்துகள் பயன்படாமற் போனதால் குளோசபின் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்கு இதனினும் சிறந்ததில்லை என்பர். ஆனால் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்துபோகும் ஆபத்து இதில் உண்டு. முதல் 18 வாரங்களுக்கு வாரந்தோறும் இரத்தம் பார்க்க வேண்டும். மருந்தின் அளவையும் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும். ஏழு வாரம் அவர் அங்கே இருந்தார். பொது இடங்களில் புகைபிடிக்கக் கூடாதென்ற விதி 2008 அக்டோபர் 2 முதல் நம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆகவே வார்டில் பீடி இல்லை. முதல் வாரம் சிடுசிடுத்தார். உறக்கம் வரவில்லை என்றார். பிறகு அதுவும் அடங்கிற்று. குரல்களும் அடங்கின. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, "உன் வகுப்பில் எத்தனை மாணவர்கள், தம்பி?" என்று என்னைக் கேட்டார். அவர் என்னைப் பற்றி ஏதேனும் கேட்டு அவ்வளவு காலம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்றார்கள். பேருந்து நிலையத்தில் அவரை ஒரு பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டு, நான் போய் இரண்டு கட்டுப் பீடியும் ஒரு தீப்பெட்டியும் வாங்கிவந்து அவர் சட்டைப்பையில் வைத்தேன். அவர் கேட்கவில்லை. ஏழு வாரமாக ஒன்றுகூடப் பிடிக்காத மனிதருக்கு, கேளாமலே வாங்கிக் கொடுத்தவன் நான். 'பாவம், ஒரே இன்பம்' என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அன்னையார் மாத்திரைகளை எண்ணி எண்ணிக் கொடுத்தார். எட்டாம் வாரத்தில் தமையனார் இரவில் எழுந்து உலாவத் தொடங்கினார். பத்தாம் வாரத்தில் குரல்கள் திரும்பிவிட்டன. மாத்திரையை நாக்கின் கீழே ஒளித்துவைத்துத் துப்பிவிடுகிறார் என்று நான் முடிவு செய்தேன். வாயைத் திறக்கச் சொல்லி அதட்டினேன். கொல்லையில் துப்பிய மாத்திரைகளைத் தேடினேன். "விழுங்கிவிட்டேன், தம்பி, சத்தியமாக விழுங்கிவிட்டேன்" என்று அவர் அழுதார். அவர் சொன்னது உண்மை. மனநோயாளி சொல்லும் உண்மையை யார் நம்புகிறார்கள்?

மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்தபோது, இளம் வயது பெண் மருத்துவர் ஒருவர் அவருடைய விரல்களைப் பார்த்தார். பழுப்பேறிய விரல்கள். "வீட்டில் நாளைக்கு எத்தனை பீடி?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. முதல் முறை வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் மருந்தின் பெயர், அளவு, திரும்பி வரவேண்டிய நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. பீடி என்ற சொல் இல்லை. நாங்களும் சொல்லவில்லை. அந்த மருத்துவர் ஒரு தாளை எடுத்து, கல்லீரலின் படம் ஒன்றை வரைந்து, வேதியியல் ஆசிரியனாகிய எனக்கு வேதியியல் கற்பித்தார்.

புகையிலை எரியும்போது எழும் புகையில் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள் உண்டு. பென்சீன் வளையங்கள் தேன்கூட்டு அறைகள்போல ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் இந்தப் பொருள்களை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவன் நான். இவை உடலுக்குள் சென்றால், கல்லீரலில் சைட்டோகுரோம் 1ஏ2 என்ற நொதி மிகுதியாக உண்டாகிறது. அந்த நொதிக்குக் குளோசபினைச் சிதைத்து வெளியேற்றும் வேலையும் உண்டு. ஒலான்சபின் என்ற மருந்துக்கும் அவ்வாறே. களத்தில் ஆள் கூடினால் கதிர்க்கட்டு விரைவில் தீர்ந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். புகைப்பவர் கல்லீரலில் மருந்துக்கும் அதுவே நேர்கிறது. உட்கொண்ட மாத்திரை குறையவில்லை. இரத்தத்தில் மருந்து குறைந்துவிடுகிறது. புகையில்லாத வார்டில் கணக்கிட்ட அளவு, புகை நிறைந்த எங்கள் வீட்டில் பற்றாமற் போயிற்று. பேருந்து நிலையத்தில் நான் வாங்கிக் கொடுத்த இரண்டு கட்டுப் பீடிதான் அந்தப் பற்றாக்குறையைத் தொடங்கி வைத்தது.

ஒன்றை இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டும். நொதியைத் தூண்டுவது நிகோட்டின் அன்று; புகை. அடிமைப்படுத்துவது நிகோட்டின், மருந்தைத் தின்பது புகை. இரண்டும் ஒரே பீடியில் இருப்பதால் நாம் குழப்பிக்கொள்கிறோம். இந்த வேற்றுமையை நான் பிறகு நன்றியோடு நினைக்க நேர்ந்தது. நாளொன்றுக்குப் பத்துச் சிகரெட் அளவே அந்த நொதியை ஏறக்குறைய முழுவதும் தூண்டப் போதும் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே ஐம்பதை இருபத்தைந்தாகக் குறைத்தால் நெஞ்சுக்கு ஓரளவு நன்மை உண்டாகலாம். மருந்தின் கணக்கு அதிகம் மாறாது. முழுவதும் நிறுத்தினாலோ, ஏறக்குறைய ஒரு வாரத்தில் நொதி தணிந்துவிடுகிறது.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் இரண்டாவது தவற்றைச் செய்தேன். இம்முறை, வீட்டில் புகைப்பார் என்று கருதி, மருந்தின் அளவைக் கூட்டி அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்கு வந்த சில நாளில், அகப்பட்ட பீடியையெல்லாம் அள்ளி அடுப்பில் போட்டேன். காசு கொடுக்கக் கூடாதென்று அன்னையாருக்குக் கட்டளையிட்டேன். சுளகைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன். அதனால் வீட்டில் ஒரு பெரும் பூசல் உண்டாயிற்று; அது வேறு கதை. நல்ல காரியந்தானே செய்கிறோம் என்று மருத்துவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. பத்தாம் நாள் காலை தமையனார் எழுந்திருக்கவில்லை. எச்சில் வழிந்து தலையணை நனைந்திருந்தது. தூக்கி நிறுத்தினால் தள்ளாடினார். கல்லீரலில் ஆள் குறைந்துவிட்டது. கூட்டிய மருந்து இரத்தத்தில் தேங்கிவிட்டது. இன்னும் மிகுந்திருந்தால் வலிப்பே வந்திருக்கும். மருத்துவர் இரத்தத்தைப் பார்த்து அளவைக் குறைத்தார். "நிறுத்தியது நல்லது, எங்களுக்குச் சொல்லாமல் நிறுத்தியது பெருந்தவறு" என்றார். அந்த மாத முடிவிலேயே தமையனார் பக்கத்துத் தெருவில் யாரிடமோ ஒன்று வாங்கிப் பிடித்தார். பிறகு பழையபடி இரண்டு கட்டு.

மூன்றாவது முறை, 2014-இல், அந்த மருத்துவர் எங்களைப் புகையிலையை விடுவதற்கு உதவும் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த சமூகப் பணியாளர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. புகை தீது என்று அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. என்னை வாயை மூடிக்கொண்டிருக்கும்படி கண்ணால் எச்சரித்துவிட்டு, என் தமையனாரைப் பார்த்து, "பீடி உங்களுக்கு என்ன செய்கிறது, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

பதினைந்து ஆண்டுகளில் நான் கேட்காத கேள்வி அது. தமையனார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பீடி வாங்கக் கடைக்குப் போகிறேன். கடைக்காரர் 'வாங்க' என்கிறார். தீப்பெட்டி இல்லாவிட்டால் வழியில் போகிறவரிடம் நெருப்புக் கேட்கிறேன். அவரும் நின்று கொடுக்கிறார். பீடி இல்லாவிட்டால் நான் எதற்காக வெளியே போவேன்? யார் என்னோடு பேசுவார்கள்?"

நண்பர்களே, 'ஒரே இன்பம்' என்று நாங்கள் சொன்னது புகையை அன்று என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். கடைக்காரர் சொல்லும் 'வாங்க' என்ற சொல்லே அந்த இன்பம். அதை அவருக்கு வேறு எவரும் கொடுக்கவில்லை. அவர் வீட்டிலே சாப்பாடு உண்டு, மாத்திரை உண்டு, உரையாடல் இல்லை. இன்னொன்றும் சொன்னார்: "விடவேண்டும் என்று எனக்கும் ஆசை உண்டு. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. யாரும் என்னைக் கேட்டதில்லை."

அந்த அம்மையார் அவசரப்படவில்லை. நிறுத்தும் நாளைக் குறிக்கவே நான்கு சந்திப்புகள் ஆயின. அதற்கு முன்பே நிகோட்டின் பட்டை ஒட்டத் தொடங்கினார்கள். பீடி மெல்ல மெல்லக் குறைந்தது. பட்டையில் நிகோட்டின் உண்டு, புகை இல்லை. ஆதலால் அது குளோசபினைத் தொடுவதில்லை. நிறுத்திய நாளை மருத்துவருக்கு முன்கூட்டியே எழுதினார்கள். அவரும் இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து மருந்தைப் படிப்படியாகக் குறைத்தார். காப்பியைக்கூட அந்த அம்மையார் விட்டுவைக்கவில்லை. காப்பியிலுள்ள காஃபீனைச் சிதைப்பதும் அதே நொதிதான். புகையை விட்டவர் பழைய அளவில் காப்பி குடித்தால் படபடப்பு உண்டாகும். பீடி இல்லாத குறையே அது என்று எண்ணி மறுபடி பீடியைத் தேடுவார். எங்கள் வீட்டில் நான்கு டம்ளர் இரண்டாயிற்று. எனக்கும் சேர்த்து!

கடைக்குப் போவதை மட்டும் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. நாள்தோறும் காலையில் செய்தித்தாள் வாங்கத் தமையனார் போனார். மாலையில் அன்னையாருக்கு வெற்றிலை வாங்கப் போனார். பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் நான் முன்னதாகவே போய்ச் சொல்லியிருந்தேன். அவர் சிறிது வருத்தப்பட்டார். நாளொன்றுக்கு இரண்டு கட்டு வியாபாரம் அல்லவா? ஆனாலும் ஒரு முக்காலியை எடுத்து வெளியே போட்டு, "உட்காருங்க" என்றார்.

இதெல்லாம் ஒரு வீட்டில் தற்செயலாக நேர்ந்ததென்று நீங்கள் கருதக்கூடும். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்பாடி என்ற பேராசிரியரும் அவருடைய தோழர்களும் கடுமையான மனநோயுடைய 526 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி, 2019-இல் அதன் முடிவை வெளியிட்டனர். ஒரு பாதியினருக்கு வழக்கமான உதவி. மறுபாதியினருக்கு, மனநலப் பயிற்சி பெற்ற பணியாளர் வீட்டுக்கே சென்று, பலமுறை பேசி, நிறுத்துவதற்கு முன்பே நிகோட்டின் மாற்றுப்பொருள் கொடுத்து, மருத்துவருக்குத் தெரிவித்து, தவறினால் மறுபடி தொடங்கச் செய்யும் உதவி. ஆறு மாதம் கழிந்தபோது வழக்கமான உதவி பெற்றோரில் நூற்றுக்கு 6 பேர் விட்டிருந்தனர். மற்றவரில் 14 பேர். ஓர் ஆண்டின் முடிவில் 10-க்கு 15 என்று இடைவெளி குறைந்தது. இந்த எண்கள் சிறியவையே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இவர்களால் விடவே முடியாது என்று சொல்லிவந்த வாய்களுக்கு இவை போதுமான விடை.

மருத்துவமனையிலிருந்து வெளியே வரும் காலத்தைக் குறித்து இன்னும் நேரான சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்து மனநல மருத்துவமனை ஒன்றில், புகையில்லாத வார்டில் இருந்த 224 பேரை ஆராய்ந்து, புரோச்சாஸ்கா என்ற அம்மையார் குழுவினருடன் 2014-இல் எழுதினார். வார்டிலேயே தொடங்கிய ஆலோசனையை வீடு திரும்பிய பின்னும் ஒரு பாதியினருக்குத் தொடர்ந்தார்கள். பத்து வாரத்துக்கு நிகோட்டின் பட்டையும் கிடைக்கச் செய்தார்கள். மறுபாதியினருக்கு மருத்துவமனையில் இருக்கும்வரை மட்டுமே பட்டை. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், உதவி தொடர்ந்தவரில் நூற்றுக்கு 20 பேர் புகையை விட்டிருந்தார்கள். தொடராதவரில் 8 பேர்தாம். புகையைப் பறித்தால் நோய் முற்றி மறுபடி மருத்துவமனைக்கு வருவார்கள் என்ற அச்சத்துக்கும் அதே ஆய்வு விடை சொல்கிறது. மறுபடி சேர்ந்தவர்கள், உதவி பெற்ற பிரிவில் நூற்றுக்கு 44 பேர். பெறாத பிரிவில் 56 பேர்.

பட்டையைத் தவிர வரெனிக்ளின், புப்ரோப்பியான் என்ற மருந்துகளும் உண்டு. இவை மனத்தைக் கலக்கிவிடும் என்று நெடுநாள் அஞ்சினார்கள். 16 நாடுகளில் 8,144 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2016-இல் வெளிவந்தது. அவர்களில் பாதிப் பேர் நோய் நிலைப்பட்ட மனநோயாளிகள். பட்டையோடும் வெறும் மாத்திரையோடும் ஒப்பிட்டுப் பார்க்கையில், இந்த மருந்துகளால் மனக்கோளாறு கருதத்தக்க அளவில் மிகுதியாகவில்லை என்று கண்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அமெரிக்க அரசின் மருந்துத் துறை தன் கடும் எச்சரிக்கையை நீக்கியது. எது யாருக்குத் தகும் என்பதை மருத்துவர் சொல்லவேண்டும். நானோ நீங்களோ சொல்லக் கூடாது. பத்தாம் நாள் கதையை மறவாதீர்கள்.

புகை மனத்துக்கு அமைதி தருகிறதே என்பீர்கள். நிகோட்டினுக்குப் பழகிய உடம்பு, அது சற்றுக் குறைந்ததும் பதறுகிறது. ஒன்று பிடித்ததும் பதற்றம் தணிகிறது. தானே மூட்டிய நெருப்பைத் தானே அணைத்துவிட்டு நன்றி பெறுகிறது பீடி. புகையை விட்டவர்களுக்குச் சில வாரங்கள் கழிந்தபின் கவலையும் சோர்வும் குறைந்தே காணப்படுகின்றன என்று 26 ஆய்வுகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று கூறுகிறது.

என் தமையனார் ஒரே மூச்சில் விட்டுவிடவில்லை. 2015 பொங்கலுக்கு உறவினர் ஒருவர் வந்தார். பெருந்தன்மையோடு ஒரு சிகரெட்டை நீட்டினார். ஒரு வாரம் ஓடிற்று. நான் மனமுடைந்து போய், எல்லாம் வீண் என்றேன். அந்தச் சமூகப் பணியாளர், "ஐந்து மாதம் இருந்தாரே, அது எங்கே போயிற்று?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். மறுபடி பட்டை, மறுபடி மருத்துவருக்குக் கடிதம். அதற்குப் பிறகு அவர் பீடியைத் தொடவில்லை. குரல்கள் இப்போதும் சில இரவுகளில் வருகின்றன. "வருவார்கள், போவார்கள்" என்கிறார், ஏதோ விருந்தாளிகளைச் சொல்வதுபோல.

இதை மாணவர்களாகிய உங்களிடம் சொல்லக் காரணம் உண்டு. வீட்டில் அல்லது தெருவில் இப்படி ஒருவர் இருந்தால், "ஓடிப்போய் ஒரு கட்டு வாங்கி வா" என்று அனுப்பப்படுகிறவர்கள் நீங்கள்தாம். 18 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம் என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கூறினாலும், எந்தப் பெட்டிக்கடையில் அதைப் பார்க்கிறார்கள்? மருத்துவமனையிலிருந்து ஒருவரை அழைத்துவரும் நாளில் மருந்துச் சீட்டை வாசித்துப் பார்க்கிறவர்களும் பெரும்பாலும் வீட்டில் படிக்கிற பிள்ளைகளே. 'வார்டில் புகையில்லாமல் இருந்தார். வீட்டிலும் அப்படியே இருக்க என்ன செய்வது? புகைத்தால் மருந்து என்ன ஆகும்? நிறுத்தினால் யாரிடம் சொல்வது?' என்று அன்றைக்கே மருத்துவரிடம் கேட்க உங்களால் முடியும். என் அன்னையாருக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பீடிக்கட்டிலும் சிகரெட்டுப் பெட்டியிலும் 2018 முதல் ஒரு தொலைபேசி எண் அச்சாகி வருகிறது: 1800-11-2356. புகையிலையை விட விரும்புகிறவர் கட்டணமில்லாமல் பேசலாம். மனநலம் பற்றிப் பேசுவதற்கு 14416 என்ற எண், 2022-இல் தொடங்கியது.

சென்ற மாதம் தமையனாரை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். குளோசபின் உண்கிறவரைக்கும் இந்தப் பரிசோதனை தொடரும். அந்தப் பிரிவில், மூச்சை ஊதினால் அதிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளந்து காட்டும் சிறு கருவி ஒன்று உண்டு. முதல் முதல் 2014-இல் அவர் ஊதியபோது அது 27 என்று காட்டிற்று. பத்து இலட்சத்தில் 27 பங்கு. இப்போது அவருக்கு அதை ஊதத் தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கி ஊதுகிறார். இம்முறை 2 என்று காட்டிற்று. கருவியின் வாய்க்குழலை மாற்றச் சொல்லி, என் கையில் கொடுத்து, "நீயும் ஊது, தம்பி" என்றார். பேருந்துகளின் பின்னால் ஒரு மணி நேரம் மோட்டார் சைக்கிளில் அவரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன். ஊதினேன். 4 என்று வந்தது.

தமையனார் அந்த எண்ணைக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அங்கிருந்த அம்மையாரிடம், "இவனுக்கும் ஒரு நாள் குறித்துக் கொடுங்கள்" என்றார்.